கூடாரத்துக்குள் கட்டில்

பெப்ரவரி 2, 2009, திங்கள்

பனி. கணுக்காலுக்கு மேல். பஸ் ஒன்றும் ஓடவில்லை, ரியூப் பாதி. லண்டனுக்கு வந்து இப்படி நான் கண்டதில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் சமையலறைத் தட்டுகளில் குந்திக்கொண்டு சறுக்குகிறார்கள். கு. ஹீத்ரோவுக்கு வேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டில். கார்கோப் பகுதிக்கு விமானமே வரவில்லையாம், போய் யாரைப் பார்ப்பது என்று சப்பாத்தைக் கழற்றினார். புருஷனைப் பகல் முழுக்க வீட்டில் பார்த்து எவ்வளவு காலம்.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ:

"ஈஸ்ரருக்கு அவுஸ்திரேலியா போவமே?"

சிரித்துவிட்டேன். சௌத்எண்ட் கடற்கரைக்குப் போவதற்கே பார்க்கிங் யோசிக்கிற மனிதர்.

"பகிடி இல்லை. அக்கா எத்தினை வருசமாக் கூப்பிடுறா. பிள்ளையையும் காட்டின மாதிரி. வீட்டுக்குள்ள குந்திக்கொண்டு இருக்கிறேல்லை, காட்டுப் பக்கம் போவம். நஷனல் பார்க். டென்ற்."

"ஏழு மாதப் பிள்ளையோட டென்றோ?"

"அவளுக்கு என்ன, சாப்பாடு உம்மோடதானே வருது."

ஆரணி மடியில் கிடந்து குடித்துக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று தெரிந்து வாயை எடுத்து ஒரு சிரிப்பு.

நான் தம்பி வசந்தனை யோசித்தேன். பொங்கலுக்கு முதல் வந்த போன்தான் கடைசி. வன்னியில், சண்டைக்கு நடுவே, விசுவமடுவுக்கு அங்கால் எங்கேயோ நிற்பதாகச் சொன்னான். பின்னால் சந்தை மாதிரிச் சத்தம். "அக்கா, பிள்ளையிட காதில வை, மாமா கதைக்கிறன்" என்றான். வைத்தேன். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது, ஆரணிக்குத்தான் தெரியும். பிறகு லைன் இல்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று மிச்சம் அவன் ஒருவன்.

"வசந்தன்ர பாடு ஒண்டும் தெரியாமல் நான் எப்பிடி வெளிக்கிடுறது?" என்றேன்.

"ஈஸ்ரருக்கு இன்னும் கிடக்கு. அதுக்குள்ள தெரியும்."

சொல்லிவிட்டு காரிலிருந்த பனியை வழிக்கப் போனார். கார் எங்கேயும் போகப் போவதில்லை. நெடுநேரம் வழித்தார்.


பெப்ரவரி 4, புதன்

பனி சேறாகிவிட்டது. மாடிப்படியெல்லாம் சப்பாத்து அடையாளம்.

மெல்பேர்ணிலிருந்து மச்சாள் போன். கு.வின் அக்கா, சாந்தி மச்சாள். ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிட்டாராம்.

"டென்ற் எண்டவுடனே பயப்பிடாதேயும் நிலானி. உள்ளுக்குக் கட்டில், கம்பளம், மேசைவிளக்கு, குளிக்கச் சுடுதண்ணி. இஞ்ச உதுக்கு கிளாம்பிங் எண்டு பேர்."

"கட்டிலும் கம்பளமும் எண்டால் வீட்டிலயே படுக்கலாமே மச்சாள்?"

"வீட்டுக்குக் கங்காரு வராது."

பின்னால் அவருடைய புருஷன், அத்தான்: "வந்தாலும் உம்மட சாம்பாறுக்கு நிக்காது எண்டு சொல்லும்."

சிரித்தோம். படம் அனுப்பியிருந்தார். வெள்ளைக் கான்வஸ், பலகைத் தரை, நடுவில் பெரிய கட்டில், மேலே இரண்டு துவாயை அன்னமாக மடித்து வைத்திருக்கிறது. வடிவுதான். ஆனால் ஆள் இல்லாமல் விரித்து வைத்த கட்டில் எனக்கு எப்போதும் ஒரு மாதிரி. ஆஸ்பத்திரி ஞாபகம்.

ஒன்று. மச்சாள் வழமையில் என்னை அதட்டுவார். பிள்ளை நிறை போதாது, நீர் சாப்பிடுகிறீர் இல்லை, குகனை உழைப்பிச்சுக் கொல்லுறீர். இன்றைக்கு ஒன்றும் இல்லை. பஞ்சில் சுற்றிய குரல்.

"பால் இன்னும் குடுக்கிறீர்தானே?"

"ஓம் மச்சாள்."

"குடும். குடும். எப்ப மட்டும் குடுக்கிற யோசினை?"


பெப்ரவரி 8, ஞாயிறு

விக்டோரியா எரிகிறது.

மச்சாள் இருக்கிற மாநிலம், காட்டுத்தீ. காலையில் செய்தியில் பார்த்தது. ஊர் ஊராக. ரோட்டில் நின்றபடியே எரிந்த கார்கள். மச்சாள் முதலில் பார்த்து வைத்திருந்த மலைப் பக்கமும் அதற்குள். உடனே போன் எடுத்தேன். அவர்கள் நகரத்துக்குள், பயமில்லை. புகை மட்டும் வருகிறதாம். சூரியன் செம்பரத்தம்பூ மாதிரி நிற்கிறதாம்.

யாழ்ப்பாணம் கம்பஸில் புவியியல் படித்தபோது யூக்கலிப்டஸ் பற்றி எழுதினது ஞாபகம் வந்தது. இலையில் எண்ணெய். எரிய என்றே வளர்கிற மரம். அப்போது புள்ளி எடுப்பதற்காகப் பாடமாக்கியது.

சரி, பயணம் முடிந்தது என்று நினைத்தேன். சொல்லப்போனால் நிம்மதி. கு. ரீவிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாவம் சனம்" என்றார். பிறகு, "அப்ப வேற பார்க் பாப்பம்."

அயன் பெட்டியை நிறுத்தியாச்சா என்று பாதி வழியில் திரும்பி வருகிற மனிதர் இவர்.

"காடு எரியுது. நீங்கள் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள போவம் எண்டுறீங்கள்."

"அது மற்றப் பக்கம். கிராம்பியன்ஸ் எண்டு ஒரு இடம் இருக்கு. ஏப்ரலில குளிரத் தொடங்கிடும். நெருப்பு வராது."

நான் கேட்க முதலே மறுமொழி தயாராக இருக்கிறது.


பெப்ரவரி 12, வியாழன்

தூறல். உடுப்புக் காயவில்லை.

தமிழ் ரீவி வரவில்லை. பனிக்கு டிஷ் ஆடிவிட்டதாம். பின்வளவில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எனக்கு அது நேராகத்தான் தெரிந்தது. லப்ரொப்பையும் வைரஸ் என்று வேலைக்குக் கொண்டுபோய்விட்டார், ஒரு பெடியன் பார்த்துத் தருவானாம்.

பயணத்துக்கு யோசிக்க வேண்டியவை:

பிளேனில் காதடைப்பு. ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால் சரியாம்.
சிலந்தி. மச்சாள்: "சப்பாத்தைத் தட்டிப்போட்டுப் போட்டால் காணும்."
பாம்பு. மச்சாள்: "அதுகள் உம்மைக் கண்டால் ஓடும்."
நெருப்பு.
போன். அங்கே சிக்னலே இல்லையாம். தம்பி எடுத்தால்?

கடைசியைச் சொன்னேன். "சிக்னல் இல்லாததுதான் நல்லது. கொஞ்ச நாள் நிம்மதியா இருப்பம்" என்றார் கு. போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ளுகிறவர்.

ரூட்டிங்கில் தமிழ்க் கடைக்குப் போனேன். மரக்கறிப் பக்கம் இரண்டு பெண்கள், முகம் தெரியும், பெயர் தெரியாது. "வைத்தியசாலைக்குக் கிட்டவாம்" என்று ஒருத்தி. மற்றவள் என்னைக் கண்டுவிட்டாள். "முருங்கைக்காய் என்ன விறகு மாதிரிக் கிடக்கு" என்றாள், கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு.

கடை அண்ணை எப்போதும் பகிடி. "மகாராணி வந்தாச்சு, சிவப்புக் கம்பளம் விரியுங்கோடா." இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கறிவேப்பிலையை ஒரு பிடி சும்மா போட்டார். ஆரணியின் கையில் ஒரு பிஸ்கட் பைக்கற். "கொண்டுபோங்கோ தங்கச்சி."

தங்கச்சி. அவர் என்னை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.


பெப்ரவரி 21, சனி

மூடுபனி, பிறகு வெயில்.

ஒத்திகை. பச்சைப்பிள்ளையோடு ஒரு நாள் காட்டுக்குள் நின்று பார்ப்போம் என்று கு.வின் யோசனை. நியூ பாரஸ்ட். அதுவும் நஷனல் பார்க்தான். கொலியர்ஸ் வுட்டிலிருந்து நல்ல தூரம். ராஜி அக்காவும் வந்தார். எங்கள் தெருவில்தான் இருக்கிறார், இரண்டு பெரிய பிள்ளைகளின் தாய், வெள்ளிக்கிழமை தவறாமல் எங்களையெல்லாம் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போகிறவர். காட்டுக்கு வருகிற ஆள் இல்லை.

மரங்கள் இலையில்லாமல். தரையெல்லாம் பழுப்பு. குதிரைகள் ரோட்டில் தங்கள் பாட்டுக்கு.

"எங்கட பக்கம் கட்டாக்காலி மாடு. இவங்களுக்குக் கட்டாக்காலிக் குதிரை" என்றார் ராஜி அக்கா.

புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பாயை விரித்தவுடன் ஒரு குதிரை வந்து தலையை நீட்டியது. கு. புட்டைத் தூக்கிக்கொண்டு ஓட, குதிரை பின்னால் போக, ஆரணி உடம்பெல்லாம் குலுங்கிச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்தது இதுதான் முதல்தரம் என்று நினைக்கிறேன்.

அப்போது கு.வின் போன். நம்பரைப் பார்த்தார். எழும்பி மரங்களுக்குள் போனார். நான் ஆரணிக்குப் பால் கொடுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில், முதுகு மட்டும். கதைக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மரத்தில் கையை ஊன்றி, அப்படியே குந்திவிட்டார்.

"அங்க பாரும் நிலானி, குதிரைக்குட்டி" என்று என் தாடையைத் தொட்டுத் திருப்பினார் ராஜி அக்கா.

அங்கே குட்டி ஒன்றும் இல்லை.

கு. திரும்பி வந்தபோது முழங்காலில் சேறு. "வேலையிடம். ஷிப்ட் மாத்திறாங்கள்."

காரில் ஏறினோம். நான் நேரே கேட்டேன். "வசந்தனைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டீங்களோ?"

"லைன் இல்லை எண்டுதானே சொல்லுறன். ஒருத்தருக்கும் இல்லை. நீர் ஏன் சும்மா மனதைப் போட்டு உழப்புறீர்."

மழை இல்லை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.


பெப்ரவரி 23, திங்கள்

சிவராத்திரி. கோயிலுக்குப் போகவில்லை.

ஆரணிக்கு முதல் சோறு கோயிலில் வைத்துத் தீத்துவோம் என்று பேசி வைத்திருந்தோம். மாதம் பிந்திவிட்டது என்று என்னை அரித்தது ராஜி அக்காதான். இன்றைக்கு ஐயரிடம் நாள் கேட்போம் என்று சேலையெல்லாம் கட்டி, பிள்ளைக்குப் பொட்டு வைத்து நின்றேன்.

ராஜி அக்கா வந்தார். சேலை கட்டவில்லை. ஆரணியின் நெற்றியில் கை வைத்தார். "பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கப் பாக்குது. சனத்துக்குள்ள கொண்டுபோக வேண்டாம்."

"ஒண்டும் இல்லையக்கா. பாருங்கோ, மூக்குக் காய்ஞ்சு கிடக்கு."

"நான் ரெண்டு வளர்த்தனான். சொல்லுறதைக் கேளும்."

கு.வுக்குக் கார்ச் சாவி காணவில்லை. நானும் தேடினேன். கதிரைக்குக் கீழே, பிள்ளையின் கூடைக்குள், குப்பைக்குள்ளும். பிறகு அவர் சாப்பிட இருக்கும்போது அது காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கிலுங்கியது. இரண்டு பேருக்கும் கேட்டது.

"சோறு தீத்துறதை அவுஸ்திரேலியாவால வந்து செய்வம்" என்றார்.

சேலையை மடித்து வைத்தேன்.


மார்ச் 3, செவ்வாய்

காற்று. வேலிப் பலகை ஒன்று விழுந்து கிடக்கிறது.

ராஜி அக்காவின் கதை ஒன்று. போன வருடம் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து அவரே சொன்னது. இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய ஐயா ஊரில் செத்துப்போனார். ஒருவரும் சொல்லவில்லை. பால் கொடுக்கிறவளுக்குச் சாவு சொன்னால் பால் வற்றிப்போகும், அல்லது அந்தப் பால் பிள்ளைக்கு ஆகாது. எங்கள் ஆட்களின் எண்ணம் அப்படி. வீடு முழுக்க நாடகம். ஐயாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, அதுதான் போனில் வரவில்லை. ஐயா சிதம்பரம் போயிருக்கிறார். கடைசியில் நினைவுமலர் தபாலில் வந்துதான் அவருக்குத் தெரியும். "என்ர மனுசனுக்கு வாழ்க்கையில அப்பிடி நடிப்பு வந்ததேயில்லை" என்று சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு. நாங்களும் சிரித்தோம்.

இன்றைக்குக் கிளினிக்கில் ஆரணியை நிறுத்தார்கள். நல்ல நிறை. வீட்டுக்கு வந்தவுடன் ராஜி அக்கா கேட்டது நிறையை இல்லை. "போத்தில் பழக்கச் சொன்னவையோ?" கு.வும் போன கிழமை அதையே கேட்டார். மச்சாளும்.

எல்லோருக்கும் என் பால் எப்போது முடியும் என்று தெரிய வேண்டும்.

டிஷ். லப்ரொப். கடை அண்ணையின் கறிவேப்பிலை. கோயில். என்னிடம் பொய் சொல்ல அவர்களால் முடிகிறது. ஆனால் சாவுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு, ஒருத்தியைக் கோயில் படி ஏற விட ராஜி அக்காவால் முடியவில்லை. அங்கேதான் பிடிபட்டுப் போனார்கள்.

எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டிருக்கலாம்.


மார்ச் 8, ஞாயிறு

நல்ல வெயில், குளிர்.

ஆரணியைக் குளிப்பாட்டித் துவாயில் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தேன். பாதிப் படியில் நின்றேன். சமையலறையில் கு.வோடு ராஜி அக்கா. மீன்குழம்பு கொண்டு வந்திருந்தார், மணம் மேலே வந்தது.

"ஐயரிட்டக் கேட்டனான். ஆளுக்குத் தெரியாட்டித் துடக்கு இல்லையாம். கேள்விப்பட்டாப்பிறகுதானாம் கணக்கு."

"மெதுவாக் கதையுங்கோ அக்கா."

"கூட்டிக்கொண்டு வரலாம் எண்டுறார். எனக்குத்தான் மனம் கேக்குதில்லை. எனக்குத் தெரியுமே. தெரிஞ்சுகொண்டு நான் அவவைக் கூட்டிக்கொண்டு போய் நிக்கிறதோ."

"விடுங்கோ. அங்க போனாப்பிறகு அக்கா பாத்துக்கொள்ளுவா."

"பால்?"

"அங்க வைச்சு மறக்கப்பண்ணிப்போட்டு, கடைசியாச் சொல்லுவம் எண்டிருக்கிறம். இஞ்ச எண்டால் அறிஞ்ச சனமெல்லாம் வந்து குவிஞ்சிடும். தாங்க மாட்டா."

பெயர் சொல்லவில்லை. இரண்டு பேரும் பெயரைச் சொல்லவில்லை.

திரும்பி மேலே போனேன். அறைக் கதவைச் சத்தமாகச் சாத்தி, ஆரணியோடு சத்தமாகக் கதைத்துக்கொண்டு, படி அதிர இறங்கி வந்தேன். "ஆ, ராஜியக்கா, எப்ப வந்தனீங்கள்?"

எனக்கும் நடிப்பு வருகிறது. மீன்குழம்பு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.


மார்ச் 10, செவ்வாய்

வானிலை தெரியாது. வெளியே பார்க்கவில்லை.

பால் கொடுக்கும்வரை சொல்ல மாட்டார்கள். சொல்லும்வரை அவன் இருக்கிறான். பெயர் சொல்லவில்லையே. வேறு யாராகவும் இருக்கலாம். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் யோசிக்கக் கூடாது.

அடிக்கடி கொடுக்கிறேன். அவள் கேட்காதபோதும். திமிறுகிறாள், தலையைத் திருப்புகிறாள். பள்ளிக்கூடம் போகும்வரை கொடுத்தால் என்ன. சீருடையோடு வந்து குடித்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு விசர்.

செய்தியில் ஒரு நிமிடம் வன்னி காட்டினார்கள். தரப்பாள்கள். கடற்கரை மணல் முழுக்க நீலமும் வெள்ளையுமாகத் தரப்பாள் கூடாரங்கள். கு. எழும்பி வந்து ரீவிக்கு முன்னால் நின்று திரைச்சீலையை இழுத்தார், வெயில் அடிக்கிறதாம். வெயில் அந்த யன்னலுக்கு வருவதேயில்லை.


மார்ச் 14, சனி

மச்சாள் போன். எல்லாம் சரி வந்துவிட்டது. கிராம்பியன்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூடாரம். முன்னால் புல்வெளி, பின்னேரத்தில் கங்காரு கூட்டமாக மேய வருமாம். ஈமு வந்து கதவடியில் நிற்குமாம். மலை விளிம்பில் போய் நின்று பார்த்தால் காடு கடல் மாதிரிக் கிடக்குமாம். பிள்ளைக்குத் தொட்டில் போட்டுத் தருவார்கள்.

"பால்மா கொண்டுவர வேண்டாம். நான் வாங்கி வைச்சிருக்கிறன்" என்றார்.

"பால்மா எதுக்கு மச்சாள்?"

"சும்மா. காட்டுக்குள்ள ஒரு அவசரத்துக்கு. கடைசி ரெண்டு நாளும் நாங்கள் ஆறுதலா இருந்து கதைப்பம், என்ன."

கேட்டுக்கொண்டிருந்தபோதே கண்ணுக்குள் வந்துவிட்டது. அந்த அன்னத் துவாய்களை எடுத்து ஒரு பக்கம் வைப்பார்கள். என்னைக் கட்டிலில் இருத்துவார்கள். மச்சாள் என் இடப்பக்கம், கையைப் பிடித்துக்கொண்டு. அத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கங்காரு காட்ட வெளியே போவார். கு. கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், என்னைப் பார்க்க மாட்டார். பக்கத்துக் கூடாரத்தில் தேனிலவுக்கு வந்த யாரோ இரண்டு பேர். கான்வஸ் துணி. அதற்குள் நான் எவ்வளவு சத்தமாக அழலாம்?

அவர்களில் கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. அதுதான் கோபப்படவும் விடுகிறதில்லை. சனம் வந்து குவியும், தாங்க மாட்டா என்கிறார். குவியட்டுமே. ஊரில் அவனுக்குச் சோறு போட்ட ஆட்கள் இங்கே ஈஸ்ட்ஹாமிலும் குட்மேய்ஸிலும் இருக்கிறார்கள். அவன் சைக்கிளில் விழுந்து பல்லுடைத்ததைத் தெரிந்தவர்கள். அவர்களில் ஒருவரும் இல்லாத காட்டுக்கு, உலகத்தின் மற்றப் பக்கத்துக்குப் பறந்து போய், ஒரு கங்காருவுக்கு முன்னால் கேட்க வேண்டுமா? அவன் குரல் கடைசியாக வந்தது இந்த வீட்டுக்கு. இந்த யன்னலடியில் நின்றுதான் கதைத்தேன்.

அங்கே கேட்க மாட்டேன்.


மார்ச் 17, செவ்வாய்

போத்தில் வாங்கினேன். பால்மாவும். கு. ஷிப்டுக்குப் போன பிறகு கலக்கிக் கொடுத்தேன். நாக்கால் தள்ளினாள். என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகத்தைப் பார்த்தாள், நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று.

கு. நிற்கும்போது வழமைபோல. அவருக்குத் தெரியாது.


மார்ச் 19, வியாழன்

நெஞ்சு கல். காய்ச்சல் மாதிரி. கையைத் தூக்க முடியவில்லை. கிளினிக் பெண்ணுக்கு போன் செய்தேன். முட்டைக்கோவா இலையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சட்டைக்குள் போடு என்கிறாள். ஊரில் என்றால் மல்லிகைப்பூக் கட்டுவார்கள். போட்டுப் பார்த்தேன். சட்டைக்குள் கோவா. வறைக்கு அரிந்த மிச்சம்.

ஆரணி அழுகிறாள். அவள் அழ அழ இங்கே தானாக ஊறி வழிகிறது. உடம்புக்கு ஒன்றும் விளங்காது.

பொறுக்க முடியாமல் ஒருதரம் கொடுத்துவிட்டேன். அவள் குடிக்கும்போது ஒரு யோசனை வந்தது. இதை நிறுத்தினால் நானே அவனை முடித்துவைத்த மாதிரி. இப்போது இருக்கிறான்தானே. இந்தப் பிள்ளையின் வாய் இங்கே இருக்கும்வரை இருக்கிறான்தானே. எவ்வளவு காலத்துக்கு ஒரு பிள்ளையின் வாயால் ஒருத்தனைப் பிடித்து வைத்திருப்பது.


மார்ச் 22, ஞாயிறு

அன்னையர் தினமாம் இங்கே. கு. மஞ்சள் பூ ஒரு கட்டு வாங்கி வந்தார். காகிதத்தோடு கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார், எங்கே வைப்பது என்று தெரியாமல். மெலிந்துவிட்டார். இதையெல்லாம் தனியாகத் தூக்கிக்கொண்டு எத்தனை நாளாகத் திரிகிறார் என்று பார்க்கப் பாவமாக இருந்தது. தம்பிக்கும் இவருக்கும் நல்ல ஒட்டு. கலியாணத்துக்கு முதலே போனில் கிரிக்கெட் கதைப்பார்கள். இவரும் அழ இடமில்லாமல்தான் திரிகிறார். மரத்தைப் பிடித்துக்கொண்டு.

அவர் வேலைக்குப் போன பிறகு ஆரணி குடித்தாள். முழுவதும். போத்திலைத் தானே பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், யன்னலைப் பார்த்துக்கொண்டு.


மார்ச் 25, புதன்

வெயில். பின்வளவில் புல் தலைகாட்டுகிறது. கு.வுக்கு ஓய்வு நாள்.

ஹோலில் சூட்கேஸ் திறந்து கிடக்கிறது. காலையில் பிள்ளையின் தொப்பி, பூச்சிக்கு அடிக்கிற மருந்து, நடக்கிற சப்பாத்து எல்லாம் அவரே அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சமையலறைக்குள் போய் போத்திலைக் கழுவி, கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, கதிரையை ஹோலுக்குள் இழுத்துக்கொண்டுவந்து அவருக்கு முன்னால் இருந்தேன். ஆரணி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள்.

அவர் குனிந்தபடி பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எப்ப இருந்து?"

"போன கிழமை. நிப்பாட்டியாச்சு. என்னட்ட இனிப் பால் இல்லை."

"ஏன் நிலானி? அங்க போய்..."

"அங்க வேண்டாம்" என்றேன். "எனக்கு அந்தக் கட்டில் வேண்டாம். இஞ்ச சொல்லுங்கோ."

சப்பாத்தைக் கீழே வைத்தார். சோடியாகச் சேர்த்து வைத்தார். "ராஜியக்காவைக் கூப்பிடட்டோ?"

"பிறகு கூப்பிடுங்கோ. எல்லாரையும் கூப்பிடுங்கோ. முதல் நீங்கள் சொல்லுங்கோ."

ஆரணி குடித்து முடித்துவிட்டாள். வெறும் காற்றை உறிஞ்சுகிற சத்தம். அவர் சூட்கேஸைத் தாண்டி வந்து எனக்கு முன்னால் குந்தினார். கை இரண்டையும் நீட்டினார்.

"முதல்ல பிள்ளையைத் தாரும்" என்றார்.

கொடுத்தேன்.